25 எச்பி ட்ராக்டர்ல மிச்சம் 20 எச்பி எங்க போகுது?

சின்ன ட்ராக்டர் வாங்கப் போற யார்கிட்ட பேசினாலும் முதல் கேள்வி எத்தன எச்பின்னுதான் வருது. ரெண்டு மூணு ஏக்கருக்கு இருபது போதுமா, முப்பது வேணுமா, கொஞ்சம் கூட எடுத்துட்டா நல்லதான்னு. கேக்குறது தப்பில்ல, ஆனா அத மட்டும் வச்சு முடிவு பண்ணினா அப்புறம் வருத்தப்படணும், ஏன்னா இழுக்குற வேலைல இன்ஜின் திணறுறதுக்கு ரொம்ப முன்னாடியே டயரோட பிடி தீந்துபோயிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். 25 எச்பி, எடை 900 கிலோ, பின் சக்கரம் மட்டும் இழுக்குற வண்டி. அதுல பின் அச்சு மேல ஒக்காந்திருக்கிற எடை ஒரு 540 கிலோன்னு வச்சுக்குங்க. உழுது போட்ட பொலபொலன்னு இருக்கிற மண்ணுல டயருக்கு அது மேல இருக்கிற எடைல ஏறக்கொறைய பாதிதான் பிடியா கெடைக்கும், அதாவது 270 கிலோ இழுவை. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்துல அந்த இழுவைய பவரா மாத்தினா 3,700 வாட் வரும், ஒரு எச்பி 746 வாட், அப்போ வெறும் 5 எச்பி. மிச்சம் 20 எச்பி எங்கயும் போகல, இன்ஜினுக்குள்ளயே சும்மா கெடக்கு. ஆக்சிலேட்டர மிதிச்சு அத வெளிய எடுக்கப் பாத்தா டயர் நின்ன எடத்துலயே சுத்தி குழி தோண்டும், அவ்வளவுதான்.

இதே வண்டி ஃபோர் வீல் டிரைவா இருந்தா 900 கிலோவும் பிடிக்கு வந்துடும், இழுவை 450 கிலோ, பவர் 8 எச்பி சொச்சம். இன்ஜின்ல ஒரு போல்ட்டக்கூட தொடல, இழுவை மட்டும் ஒண்ணரை மடங்குக்கு மேல கூடிடுச்சு. அதனால பட்ஜெட் இடிச்சா எச்பில கை வச்சுக்குங்க, ஃபோர் வீல் டிரைவ்ல வைக்காதீங்கன்னுதான் நான் சொல்வேன். ஒரு விஷயம், பெரும்பாலான வண்டில முன் சக்கரம் பின்னத விட துளி வேகமா ஓடுற மாதிரி கியர் வச்சிருப்பாங்க, மண்ணுல அந்த வித்தியாசம் வழுக்கி சரியாயிடும், ஆனா சிமெண்ட் தரைலயும் தார் ரோட்டுலயும் வழுக்க முடியாது, முறுக்கம் மொத்தமும் உள்ள இருக்கிற கியர் மேல ஏறும். ரோட்டுக்கு வந்ததும் நெம்புகோல தள்ளி ஃபோர் வீல் டிரைவ கழட்டி விட்டுடுங்க.

மேல போட்டது வண்டி சும்மா நிக்கும்போது இருக்கிற எடைய வச்சு போட்ட கணக்கு. கலப்பை மாட்டினா கத வேற, அதுக்கு ஹாரி ஃபெர்குசன்ங்கிற அயர்லாந்துக்காரருக்குத்தான் நன்றி சொல்லணும். முதல் உலகப்போர் சமயத்துல கலப்பைய வண்டிக்குப் பின்னாடி சும்மா கோத்து இழுத்துட்டுத்தான் போவாங்க. கொழு ஒரு பாறைல மாட்டுச்சுன்னா கலப்பை நின்னுடும், சக்கரமும் நின்னுடும், ஆனா இன்ஜின் நிக்காது, பின் அச்சையே பிடிமானமா வச்சு வண்டியோட மூக்கு மேல எழும்பி அப்படியே ஓட்டுறவர் மேல மல்லாக்க விழும். ஃபெர்குசன் என்ன செஞ்சார்னா கலப்பையவும் வண்டியவும் மூணு புள்ளில இணைச்சார், கீழ ரெண்டு கை, மேல ஒண்ணு. கீழ்க்கை ரெண்டும் இழுக்கும். மண்ணு கலப்பையோட அடிய பின்னாடி தள்றதால அதோட தல முன்னாடி சாய வரும், அந்த சாய்வு மேல்கை வழியா, அதான் டாப் லிங்க், வண்டிய முன்பக்கமா தள்ளி மூக்க எழும்ப விடாம அமுக்கும். அதோட நிக்காம டாப் லிங்க்ல அழுத்தம் கூடினா ஹைட்ராலிக் தானாவே கலப்பைய கொஞ்சம் தூக்கும், தூக்கினதும் கலப்பையோட எடையும் அத கீழ இழுக்குற மண்ணோட பாரமும் பின் சக்கரத்து மேல ஏறிக்கும். அதாவது எப்போ பிடி தேவையோ அப்போ எடை தானா வந்து ஒக்காருது. 1939ல வந்த ஃபோர்டு ஃபெர்குசன் 9என் ட்ராக்டர் ஒரு டன் சொச்சம் எடைதான், அதுல இருந்த அமைப்புதான் இன்னிக்கும் உங்க வண்டிக்குப் பின்னாடி இருக்கு. (அந்தக் கூட்டு ஒப்பந்தம் ஹென்றி ஃபோர்டும் அவரும் கை குலுக்கினதோட முடிஞ்சுது, எழுத்துல ஒண்ணும் கெடையாது, பின்னாடி கோர்ட்டு வரைக்கும் போச்சு.)

சரி, இழுவைக்கு 5, 8 எச்பி போதும்னா 25 எதுக்கு? பிடிஓக்குத்தான். வண்டிக்குப் பின்னாடி துருத்திட்டு இருக்கிற அந்த ஆறு பல்லு தண்டு டயரயும் மண்ணயும் நம்பி இல்ல, இன்ஜின் பவர நேரா ரொட்டவேட்டருக்கோ புல்லு வெட்டுற ஸ்லாஷருக்கோ கொடுக்கும். ரொட்டவேட்டர்ல இன்னொரு வேடிக்கை, கத்திங்க பெரும்பாலும் சக்கரம் சுத்துற பக்கமே சுத்தி மண்ண கொத்துறதால வண்டிய அதுவே முன்னாடி தள்ளும். அதனாலதான் எடை கம்மியான வண்டிக்கு கலப்பைய விட ரொட்டவேட்டர் ஒத்துப்போகுது. ஆக எச்பி பாக்கணும்னா பிடிஓ எச்பிய பாருங்க, இன்ஜின் எச்பில இருந்து 10 முதல் 20 சதவீதம் வழியிலயே போயிடும். ஸ்லாஷருக்கு அகலத்துல அடிக்கு 5 எச்பின்னு ஒரு கைக்கணக்கு உண்டு, 25 எச்பி இன்ஜின்ல பிடிஓக்கு 21 வந்தா 4 அடி கருவிதான் சரி, 5 அடிய மாட்டினா நல்லா வளந்த புல்லுல இன்ஜின் மூச்சு வாங்கும்.

பிடிஓ வேகம் வழக்கமா நிமிஷத்துக்கு 540 சுத்து, நொடிக்கு ஒம்போது. ஒரு சாண் சுத்தளவு இருக்கிற தண்டு அந்த வேகத்துல நொடிக்கு ரெண்டு மீட்டர் துணிய இழுத்து சுத்திக்கும். லுங்கி, துண்டு, தாவணி, தொங்குற சட்டை எதுவா இருந்தாலும் சரி, கைய உதறுறதுக்குள்ள முடிஞ்சிடும். தண்டு மேல இருக்கிற பிளாஸ்டிக் கவர் ஒடைஞ்சா அன்னிக்கே மாத்துங்க, இன்ஜின நிறுத்தாம கிட்ட போகாதீங்க.

அடுத்து முன்னாடி மாட்டுற லோடர். சின்ன ட்ராக்டர் வாங்குறவங்க ஆசப்படுறதும் அதத்தான், கவுத்து விடுறதும் அதுதான். பக்கெட்ல 300 கிலோ ஈர மண்ணு, முன் அச்சுல இருந்து 1.2 மீட்டர் தள்ளி இருக்கு, ரெண்டு அச்சுக்கும் நடுவுல 1.6 மீட்டர்னு வைங்க. முன் அச்சு சீசா பலகையோட நடுக்கட்டை மாதிரி ஆயிடும், பின் அச்சுல இருந்து 225 கிலோ காணாமப் போயிடும். பெரும்பாலான சின்ன ட்ராக்டர்ல பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டும்தான், அப்போ எறக்கத்துல பக்கெட் நெறைய மண்ணோட வந்து பிரேக் போட்டா என்ன ஆகும்னு யோசிச்சுக்குங்க. பின் அச்சுக்கு 80 சென்டிமீட்டர் பின்னாடி 250 கிலோ பாரத்த தொங்க விட்டா பின்னாடி 375 கிலோ கூடும், முன் அச்சுல 125 கிலோ கொறையும். டயருக்குள்ள முக்கால் பங்கு தண்ணி நெரப்புறதும் நல்ல வழிதான், ஆனா அது முன் அச்சோட சுமைய கொறைக்காது, தொங்குற பாரம் மட்டும்தான் கொறைக்கும். பக்கெட் எப்பவும் முழங்காலுக்குக் கீழயே இருக்கணும்.

சரிவுல ஓட்டுறவங்க சீட்டுக்குப் பின்னாடி நிக்கிற அந்த இரும்பு வளைவ அலங்காரம்னு நெனைக்காதீங்க. மூக்கு மேல எழும்ப ஆரம்பிச்சா முக்கால் நொடில திருப்ப முடியாத கட்டத்த தாண்டிடும்னு சொல்வாங்க, கிளட்ச் மிதிக்க அது பத்தாது. சுவீடன்ல 1959லயே புது ட்ராக்டருக்கு இந்தப் பாதுகாப்பு சட்டகத்த கட்டாயமாக்கிட்டாங்க, வண்டி கவுந்து சாகுறது அங்க மளமளன்னு கொறைஞ்சுது. சட்டகம் நிமிந்திருந்தா பெல்ட் போடணும், மடக்கி வச்சிருந்தா போடக்கூடாது, ரெண்டும் முக்கியம்.

கியரா ஹைட்ரோவாங்கிறதுல சண்டை போடுற அளவுக்கு ஒண்ணுமில்ல. ஹைட்ரோ வண்டில இன்ஜின் ஒரு எண்ணெய் பம்ப சுத்தும், அந்த எண்ணெய் ஒரு மோட்டார சுத்தும், பெடல மிதிச்சா பம்புக்குள்ள இருக்கிற சாய்வுத் தட்டு இன்னும் சாஞ்சு அதிக எண்ணெய் அனுப்பும். முன்னப் பின்ன போயிட்டே இருக்கிற லோடர் வேலைக்கு இது சொகம், நாள் பூரா உழவுன்னா கியர்தான் லாபம், ஹைட்ரோல கொஞ்சம் பவர் சூடாவே போயிடும். நெறைய பேர் தடுமாறுற எடம் ஒண்ணு இருக்கு: மண்ணுல முட்டி நின்னா பெடல இன்னும் அமுக்குவாங்க. அது டாப் கியர் போட்டு மேடு ஏறுற மாதிரி. பெடல லேசா விட்டுக் கொடுத்தீங்கன்னா எண்ணெய் கம்மியாகும், விசை கூடும், வண்டி நகரும்.

எடை எடைன்னு சொல்றேனேன்னு கண்டபடி ஏத்திடாதீங்க, மண்ணுக்கு அது வலிக்கும். மேல் மண்ணுல விழுற அழுத்தம் ஏறக்கொறைய டயர் காத்து அழுத்தம் அளவுக்கு இருக்கும், எத்தன ஆழத்துக்கு இறுகுதுங்கிறத அச்சு மேல இருக்கிற மொத்த எடை முடிவு பண்ணும். ஈரத்துல ஒரு தடவ இறுகின அடிமண்ண வருஷக்கணக்கா சரிபண்ண முடியாமப் போகலாம்.

வண்டியோட எடை சரியா இருக்கான்னு பாக்க மீட்டர் எதுவும் வேணாம். பின் டயர்ல ஒரு சாக்பீஸ் கோடு போடுங்க, கருவிய தூக்கி வச்சுட்டு பத்து சுத்துக்கு எவ்வளவு தூரம் போகுதுன்னு அளங்க, அப்புறம் கருவிய மண்ணுல எறக்கி அதே பத்து சுத்து. தூரம் 10, 15 சதவீதம் கொறைஞ்சா நல்லது, 30 கொறைஞ்சா எடை பத்தல, கொறையவே இல்லைன்னா வீணா பாரம் சுமக்குறீங்க. டயர் தடத்த குனிஞ்சு பாத்தாலும் தெரியும்: பல்லு அச்சு முழுசா சுத்தமா விழுந்திருந்தா பாரத்த எறக்கலாம், மொத்தமா தேஞ்சு வழிச்சு விட்ட மாதிரி இருந்தா ஏத்தணும், ஓரத்துல அச்சு நல்லா தெரிஞ்சு நடுவுல மட்டும் மண்ணு ஒடைஞ்சு கெடந்தா அப்படியே ஓட்டுங்க.