பிறந்த தேதியைக் கேட்கப்போகும் கணினி

செயலி எழுதுவதுதான் என் வேலை. பயனரின் வயதுப் பிரிவைக் கருவியே செயலிகளுக்குச் சொல்ல வேண்டும் என்கிற கலிஃபோர்னியாவின் ஏபி 1043 சட்டம் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் முதலில் கேட்பது, "இனிமேல் கம்ப்யூட்டரைத் திறக்கவே அடையாள அட்டை காட்டணுமா?" என்பதுதான். வேண்டாம். அட்டையையோ முகப்படத்தையோ இந்தச் சட்டம் கேட்கவில்லை.

2025 அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்டார், 2027 ஜனவரி 1 முதல் அமல். புதுக் கணினியிலோ போனிலோ கணக்கு தொடங்கும்போது ஆபரேட்டிங் சிஸ்டம் (விண்டோஸ், ஆண்ட்ராய்டு போன்ற அடிப்படை மென்பொருள்) பயனரின் வயதையோ பிறந்த தேதியையோ கேட்டு வாங்கி, 13 வயதுக்குக் கீழ், 13 முதல் 15, 16–17, 18ம் அதற்கு மேலும் என்று நான்கில் ஒரு பிரிவில் போட்டுக்கொள்ளும். செயலி கேட்டால் பிரிவை மட்டும் ஒரு சிக்னலாகச் சொல்லும். ஏற்கெனவே கணக்கு இருக்கும் கருவிகளுக்கு 2027 ஜூலை 1 வரை அவகாசம். ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்குபவர் யாராக இருந்தாலும் பொருந்தும் என்கிற மாதிரி வாசகம் இருப்பதால் லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கும் தன்னார்வலர்களும் கவலைப்படுகிறார்கள், அந்தக் கவலை எனக்கு நியாயமாகவே படுகிறது.

எனக்குப் பெரிய பயம் வேறு. பிறந்த தேதிப் பெட்டியில் மக்கள் என்ன செய்கிறார்கள் என்று பல வருஷமாகப் பார்க்கிறேன். விரல் ஆண்டுப் பட்டியலைச் சுழற்றி எங்கோ நிறுத்தும், நாளும் மாதமும் ஜனவரி 1 என்றே கிடக்கும். அப்பா தன் தேதியைப் போட்டுத் தொடங்கிய லேப்டாப்பில் பத்து வயது மகள் உட்கார்ந்தால், எல்லாச் செயலிக்கும் அவள் பெரியவள்தான். பிள்ளைக்குத் தனிக் கணக்கு தொடங்கி, சரியான தேதியைப் போடுங்கள். சட்டம் நம்பியிருப்பது அந்த ஒரு நிமிடத்தை.

சரி, செயலி எழுதுபவர்களுக்கு. செயலியைப் பதிவிறக்கும்போதும் திறக்கும்போதும் இந்த சிக்னலைக் கேட்க வேண்டியது நம் பொறுப்பு. சிக்னல் கிடைத்த பிறகு "பயனர் சிறுவர் என்று தெரியாது" என்ற பேச்சுக்கே இடமில்லை, தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். கவனக்குறைவு என்றால் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் 2,500 டாலர் வரை அபராதம், வேண்டுமென்றே செய்தால் 7,500 வரை.

அப்புறம், சட்டம் கேட்காத காரணத்துக்காக இந்த சிக்னலை மூன்றாமவருக்குக் கொடுக்கவும் கூடாது. போன வாரம் எங்கள் சோதனை நிரலில் (கோடில்), பயனர் விவரம் மொத்தத்தையும், பயன்பாட்டுக் கணக்கெடுக்கும் வெளிச் சேவையான அனலிடிக்ஸுக்கு அனுப்பும் பழைய வரி ஒன்று வயதுப் பிரிவையும் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. உங்கள் கோடிலும் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள்.