ஆலமரத்துக்கு ஊற்றாத மருந்து

"மாமா, இது வளராம இருக்கிறதுக்கு என்ன மருந்து ஊத்துறீங்க?"

மட்டக்களப்பு, கல்லடியில் ஒரு நண்பரின் வளவில், மாமரத்தின் கீழ், மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலையில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். எல்லோரும் போன்சாய், அதாவது சாடியில் குட்டையாக வைத்திருக்கும் மரம், வளர்க்கிறவர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒரு தச்சர், ஒரு தாதி, கடை வைத்திருக்கும் இருவர், உயர்தரம் படிக்கும் சில பிள்ளைகள். சாடிகளை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் வந்து இறங்குவார்கள். போன கூட்டத்துக்குத் தாதி தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஒன்பதாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு முழ உயரமுள்ள என் ஆலமரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு அவள் கேட்டதுதான் மேலே இருக்கிற கேள்வி.

பெரியவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். மருந்து ஒன்றும் இல்லை என்றால், சொல்ல விருப்பமில்லை என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். அன்று அவளுக்கு அவசரமாக ஏதோ பதில் சொன்னேன். அது போதாது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் பட்டது.

முதலில், இது குட்டை இனமா என்ற சந்தேகம். இல்லை. என்னுடைய ஆல் ஒரு பழைய மதில் வெடிப்பில் தானாக முளைத்தது. ஆலம்பழம் தின்ற பறவையின் எச்சத்தோடு விழுந்த விதை. கோயில் வாசலில் விழுது விட்டு நிற்கிற ஆலுக்கும் இதற்கும் பரம்பரையலகில் மரத்தைக் குட்டையாக்கும் எந்த வேறுபாடும் கிடையாது. இதை நான் புத்தகத்தில் படித்ததோடு, கண்ணாலும் பார்த்தேன். இரண்டு வருடங்களுக்கு முன் கார்த்திகை மாதம், வாடைக்காற்றில் சாடி விழுந்துவிடும் என்று பயந்து, அதை மேசையிலிருந்து இறக்கிக் கிணற்றடியில் வைத்துவிட்டுக் கொழும்புக்கு மகள் வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்தது மாசியில். உச்சியிலிருந்து ஒரு கிளை என் தோள் உயரத்துக்குப் போயிருந்தது. அதில் இருந்த இலைகள் என் உள்ளங்கையை விடப் பெரியவை. சாடியைத் தூக்கப் பார்த்தேன், அசையவில்லை. நீர் வடியும் துளை வழியாக ஒரு வேர் இறங்கி, ஈர மண்ணுக்குள் பெருவிரல் தடிப்பில் போயிருந்தது. ஒரே ஒரு வேர். மூன்று மாத மழை. பதினொரு வருடம் முழ உயரத்தில் நின்ற மரம் தான் யார் என்பதைக் காட்டிவிட்டது.

அப்படியானால் குட்டையாக வைத்திருப்பது எது? பாதி விடை சாடியில் இருக்கிறது. 2012இல் ஜேர்மனியின் யூலிக் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஹென்ட்ரிக் போர்ட்டரும் அவருடைய குழுவினரும், சாடியின் அளவு பற்றி அதுவரை வந்திருந்த 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சாடியின் கொள்ளளவை இரண்டு மடங்காக்கினால் செடியின் உலர்திணிவு (நீர் போக மிஞ்சும் எடை) சராசரியாக 43 சதவீதம் கூடியது. வேர் சுவரைத் தொட்டதும் செடியின் ஒளித்தொகுப்பே மந்தமாகிறது. அதோடு, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை நாங்கள் மரத்தை வெளியே எடுத்துத் தடித்த வேர்களை வெட்டி, ஓட்டுத் துண்டும் ஆற்று மணலும் கலந்த புது மண்ணில் வைக்கிறோம். மெல்லிய வேர்கள் திரும்ப வரும். வேரைக் குறைத்தால் நீரும் குறையும், அதனால் இலையையும் குறைக்க வேண்டும். இதெல்லாம் சாதாரண தரத்தில் படித்ததுதான், விரிக்கத் தேவையில்லை.

எனக்கு ஆசையாகச் சொல்ல இருப்பது மற்றப் பாதி. அது கத்தரிக்கோல் படும் இடத்தில் இருக்கிறது.

ஒரு கிளையின் நுனியைக் கிள்ளிப் பாருங்கள். சில நாளில் அதற்குக் கீழே, இலைக்கக்கத்தில், இதுவரை குண்டூசித் தலை போலக் கிடந்த அரும்பு பருக்கத் தொடங்கும். பெரும்பாலும் ஒன்றல்ல, இரண்டு. அந்த அரும்பு அங்கே மாதக்கணக்கில், சில மரங்களில் வருடக்கணக்கில் கூடத் தூங்கியிருக்கலாம். இலை இருந்தது, நீர் இருந்தது, வெயில் இருந்தது. ஆனாலும் எழும்பவில்லை. நுனி போனது அதற்கு எப்படித் தெரிந்தது?

இதற்கு உச்சியாட்சி என்று பாடசாலையில் பெயர் படித்திருப்போம். பெயர் வைத்ததோடு விளங்கிவிட்டதாக நினைத்து விட்டுவிட்டோம். கதை அதற்குப் பிறகுதான் நன்றாகிறது. 1880இல் சார்ள்ஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் புல் முளைகளை வைத்துச் செய்த பரிசோதனையில், ஒளியை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழே உள்ள பகுதி என்று கண்டார்கள். அப்படியென்றால் நுனியிலிருந்து ஏதோ ஒன்று கீழே போகிறது. 1926இல் நெதர்லாந்தின் பிரிட்ஸ் வென்ற், ஓட்ஸ் முளையின் நுனியை வெட்டி ஏகார் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்) துண்டின் மேல் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தார். பிறகு நுனியை எறிந்துவிட்டு அந்த ஏகாரை முளையின் மேல் வைத்தார். நுனி செய்த வேலையை ஏகார் செய்தது. அந்தப் பொருளுக்குத்தான் ஒட்சின் என்று பெயர். 1933இல் கெனத் திமானும் போல்கே ஸ்கூக்கும் அவரைச் செடியின் நுனியை வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தில் ஒட்சின் உள்ள ஏகாரை வைத்தார்கள். கீழே இருந்த அரும்புகள் எழும்பவில்லை. நுனி இன்னும் இருக்கிறது என்றே அவை நம்பிக் கிடந்தன.

சரி, நுனியில் உண்டாகும் ஒட்சின் கீழே வந்து அரும்பை அடக்குகிறது என்று முடித்துவிடலாமா? முடிக்க முடியவில்லை. தண்டு வழியே இறங்கும் ஒட்சின் பக்க அரும்புக்குள் போவதே இல்லை! உள்ளே போகாத பொருள் எப்படி அடக்கும்? இந்த இடத்துக்கு வந்தால் நான் இன்றைக்கும் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன்.

ஒரு விளக்கம் இது. அரும்பு எழும்ப வேண்டுமானால் அதுவும் தன் ஒட்சினைத் தண்டுக்குள் அனுப்ப வேண்டும், அப்போதுதான் அதற்கும் தண்டுக்கும் இடையில் குழாய்கள் உருவாகும். பாடசாலை விடும் நேரம் கல்லடிப் பிரதான வீதியில் வாகனம் நெருக்கியடித்துப் போகும்போது, ஒழுங்கையிலிருந்து ஒரு சைக்கிள் உள்ளே நுழைய முடியாது. நுனியிலிருந்து வரும் ஒட்சின் தண்டை நிறைத்திருக்கும்வரை அரும்பின் ஒட்சினுக்கும் அதே நிலைதான். நுனியை வெட்டினால் வீதி வெறிச்சோடும், ஒழுங்கைகள் திறக்கும். இரண்டாவது விளக்கத்தில் வேறு இரண்டு ஓமோன்கள் வருகின்றன. அரும்பை எழுப்புவது சைற்றோகைனின், படுக்க வைப்பது ஸ்ட்ரைகோலாக்டோன். ஒட்சின் முதலாவதைக் குறைத்து, இரண்டாவதைக் கூட்டுகிறது. ஸ்ட்ரைகோலாக்டோனுக்கு இந்த வேலை இருக்கிறது என்பது 2008இல்தான் வெளியானது.

அப்புறம் 2014இல் இன்னொரு திருப்பம். ஒட்சின் தண்டில் மணிக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் இறங்கும். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்ரின் பெவரிட்ஜின் குழுவினர், உயரமான பட்டாணிச் செடிகளின் நுனியை வெட்டிவிட்டு, மிகக் கீழே இருந்த அரும்புகளைக் கவனித்தார்கள். ஒட்சின் குறைந்த செய்தி அங்கே போய்ச் சேர முன்னமே அவை வளரத் தொடங்கிவிட்டன. செய்தியைக் கொண்டுபோனது சீனி. இலையில் உண்டாகும் சீனி, அதைக் கொண்டுபோகும் குழாய்களான உரியத்தில் மணிக்கு ஒரு மீற்றர் அளவில் ஓடக்கூடியது. வளரும் நுனி அதைப் பெருமளவில் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. நுனி போனதும் அந்தச் சீனி திசை மாறி அரும்புகளுக்கு வந்துவிட்டது. நுனியை வெட்டாமலே அரும்புக்குச் சீனி கொடுத்துப் பார்த்தார்கள், அப்போதும் எழும்பியது. பசித்துக் கிடந்த பிள்ளைக்கு முதலில் சாப்பாடு வருகிறது, கதவு பிறகு திறக்கிறது. ஒட்சின் குறைவது, எழும்பிய அரும்பைத் தொடர்ந்து வளர விடும் அடுத்த கட்டம்.

இதைத் தெரிந்துகொண்டு கத்தரிக்கோலைப் பிடிப்பது தனி இன்பம். ஒரு நுனியை வெட்டினால் இரண்டு. அந்த இரண்டையும் வெட்டினால் நான்கு. ஐந்து முறை வெட்டினால் ஒரு கிளை 32 நுனிகளாகும். அதே சிறிய வேர்த்தொகுதி அனுப்பும் நீரும், அதே இலைகள் செய்யும் சீனியும் 32 பேருக்குப் பங்கு போகும். ஒவ்வொரு நுனிக்கும் கிடைப்பது கொஞ்சம், அதனால் இலை சிறுக்கிறது. நல்ல வெயிலில் வைத்தால் இன்னும் சிறுக்கும். அப்படித்தான் கையகல ஆலிலை இரண்டு விரல் அகலத்துக்கு வருகிறது. ஆனால் காய் அவ்வளவு லேசில் சிறுக்காது. எங்கள் தச்சரின் புளியமரம் ஒன்றரை அடி உயரம். அதில் தொங்குவது சந்தையில் வாங்கும் அளவுப் புளியங்காய். வெட்டும் இடத்தையும் பார்க்க வேண்டும். வெட்டுக்கு அடுத்து எந்தப் பக்கத்து அரும்பு இருக்கிறதோ, கிளை அந்தப் பக்கம் போகும். ஆல், அரசு, இத்தி எல்லாம் வெட்டியதும் பால் வடிக்கும். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், அது தானாக உறைந்து நின்றுவிடும்.

ஸ்கூக்கின் பெயர் இன்னொரு முறை வருகிறது. 1948இல் கப்ளினும் ஸ்ரூவர்டும் கரட் துண்டுகளுக்குத் தேங்காய்த் தண்ணீர் கொடுத்தார்கள், துண்டுகள் விரைவாக வளர்ந்தன. அதில் கலங்களைப் பிரிய வைக்கும் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. கலப்பிரிவைத் தூண்டும் பொருளைத் தேடிப் போன ஸ்கூக்கின் ஆய்வுகூடத்தில் 1955இல் கைனெற்றின் கிடைத்தது. அதிலிருந்துதான் சைற்றோகைனின் என்ற குடும்பமே தெரியவந்தது. தேங்காய்த் தண்ணீரில் இயற்கையாகவே சைற்றோகைனின் உண்டு என்பது பின்னர் உறுதியானது. வீடு வீடாகத் தென்னை நிற்கும் எங்கள் ஊரில், தேங்காய் உடைக்கும்போது அந்தத் தண்ணீரை மண்ணில் ஊற்றிவிட்டு, அடுத்த நாள் "வளர்ச்சி மருந்து" என்று போத்தலில் எதையோ வாங்கிவருகிறோம். அதற்காகத் தேங்காய்த் தண்ணீரைச் சாடியில் ஊற்றச் சொல்லவில்லை. அதிலுள்ள சீனிக்கு எறும்பும் பூஞ்சையும்தான் வரும். நான் சொல்ல வருவது வேறு. அவரையும் பட்டாணியும் ஓட்ஸ் முளையும் வைத்து, உடனடிப் பலன் எதையும் எதிர்பார்க்காமல் செய்த வேலைகள் இவை. வாழைக் கன்றை இழைய வளர்ப்பில் ஆயிரக்கணக்கில் பெருக்குவது இந்த ஓமோன்களை அறிந்ததால்தான். வந்தாறுமூலையில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. புளி எப்போது அரும்பு விடும், கச்சான் காற்றில் பூவரசின் வேர் என்ன செய்கிறது என்று மூன்று வருடம் பார்க்க ஒரு மாணவிக்குப் பணம் கொடுத்தால், "இதனால் யாருக்கு இலாபம்" என்று கேட்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. 1933இல் அவரைச் செடியைப் பார்த்தும் அப்படிக் கேட்டிருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். குட்டை மரம் வைத்தால் குடும்ப வளர்ச்சி குன்றும் என்று சொல்லி, எங்கள் கூட்டத்துக்கு வந்த ஒருவரின் சாடிகளை வீட்டார் தூக்கி எறிந்துவிட்டார்கள். ஏழு வருட உழைப்பு. மனிதர் அதற்குப் பிறகு வரவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் வேகும். வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய மரப் பூங்காவில் ஒரு வெண்பைன் போன்சாய் இருக்கிறது. 1625 முதல் பராமரிக்கப்பட்டு வருவது. 1945 ஓகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில், குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் தூரத்தில், யமாகி குடும்பத்தின் வளவில் மதிலுக்குப் பின்னால் நின்றது. மரமும் பிழைத்தது, குடும்பமும் கண்ணாடிச் சில்லுகளால் பட்ட சிறு காயங்களோடு பிழைத்தது. 1976இல் அந்தக் குடும்பம் அதை அமெரிக்காவுக்கே அன்பளிப்பாகக் கொடுத்தது. தலைமுறை தலைமுறையாகப் போன்சாய் வளர்த்த வீடு அது.

அந்தப் பிள்ளையின் கேள்விக்குத் திரும்ப வருகிறேன். கிணற்றடியில் ஓடிப்போன கிளை என்றேனே, அதை நான் முழுதாக வெட்டவில்லை. அதிலிருந்து விட்ட ஒரு நீள் கிளையை அந்தப் போன கூட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சாண் அளவில் துண்டு போட்டு, விரும்பியவர்களுக்குக் கொடுத்தேன். ஆல் தடியை நட்டால் பிடிக்கும். அதற்கும் காரணம் ஒட்சின்தான். ஒவ்வொரு கலமும் ஒட்சினைத் தன் வேர்ப்பக்க முனையால்தான் வெளியே தள்ளும். துண்டு போட்டதும் அது கீழ் வெட்டில் வந்து தேங்குகிறது, அங்கேதான் வேர் விடுகிறது.

"தலைகீழா நட்டா?" என்று கேட்டாள்.

தடி எந்தப் பக்கம் கீழ் என்பதை மறப்பதில்லை என்றேன். முன்பு கீழாக இருந்த முனை இப்போது மேலே போனாலும், ஒட்சின் அந்த முனைக்கேதான் போகும். ஈரம் இருந்தால் வேரும் அங்கேயே வரப் பார்க்கும்.

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. இரண்டு தடி வாங்கிக்கொண்டாள். ஒன்றை நேராக நட்டாள். மற்றதைத் தலைகீழாக நட்டு, மேல் முனையில் ஈரமான தும்பைச் சுற்றி, பொலித்தீன் பையால் கட்டினாள். பையில் திகதி எழுதியிருக்கிறாள். வரும் ஞாயிறு இரண்டையும் கொண்டுவருகிறாளாம்.