இரண்டாவது ரெகுலேட்டர்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிரைஸ் கேன்யன் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரம். அக்டோபரில் சூரியன் சாய்ந்ததுமே விரல் விறைக்க ஆரம்பித்துவிடும். நண்பர் ஒருவரின் மோட்டார்ஹோமில், அதாவது உள்ளேயே சமைத்துத் தங்கும் வசதியுள்ள வண்டியில், போயிருந்தோம். மேசைமேல் வைக்கிற சின்ன கேஸ் கிரில்லில் மசாலா தடவிய கோழி பாதி வெந்திருந்தபோது, அதன் ஒரு பவுண்டு கேஸ் குப்பி தீர்ந்துபோனது.

நண்பர் அலட்டிக்கொள்ளவில்லை. வண்டியின் வயிற்றுக்கடியில் பெரிய பிரோபேன் தொட்டி இருக்கிறது. பக்கவாட்டில் அதிலிருந்து கேஸ் எடுக்க ஒரு பித்தளை சாக்கெட்டும் இருக்கிறது. ஆன்லைனில் வாங்கிய டியூப் ஒன்றை எடுத்து வந்தார். அதன் ஒரு முனை சாக்கெட்டில் 'கிளிக்' என்று உட்காரும். மறுமுனையில் குப்பியின் கழுத்தில் இருப்பது போலவே மரை. கிரில்லில் குப்பி இருந்த இடத்தில் அதைத் திருகிப் பற்றவைத்தால், அகல் விளக்குத் திரி அளவுக்குத்தான் தீ வந்தது. தொட்டி காலியோ என்று உள்ளே போய்ப் பார்த்தோம். வண்டிக்குள் இருந்த அடுப்பு அதே தொட்டியிலிருந்து ஜோராக எரிந்தது.

அன்றைக்குக் கோழி வாணலியில்தான் வெந்தது. தொட்டி நிறைய கேஸ், கசிவு கிடையாது, அடைப்பும் கிடையாது. அப்படியிருந்தும் தீ வராததற்குக் காரணம், கேஸின் அழுத்தத்தை ஒரு தடவைக்குப் பதில் இரண்டு தடவை குறைத்துவிட்டதுதான்.

பிரோபேன் மைனஸ் 42 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஆகவே சாதாரண வெப்பநிலையில் திரவமாக இருக்க வேண்டுமானால் அதை அடைத்துவைத்து அதன் ஆவியாலேயே அமுக்க வேண்டும். தொட்டிக்குள் கீழே திரவம், மேலே ஆவி. அந்த ஆவியின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை. தொட்டியில் எவ்வளவு கேஸ் மிச்சம் இருக்கிறது என்பது அல்ல. 20 டிகிரியில் வெளிக்காற்றைவிட ஏழு பார் அதிகம் (ஒரு பார் என்பது கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் அளவு). வெயிலில் நின்று 40 டிகிரிக்குச் சூடானால் பன்னிரண்டு பாரைத் தாண்டும். உறைநிலையில் நான்குக்கும் கீழே இறங்கும். (நம் வீட்டு சிலிண்டரில் பியூட்டேனும் கலந்திருக்கிறது. பியூட்டேன் கொதிப்பது மைனஸ் அரை டிகிரியில். தமிழ்நாட்டு வெயிலுக்கு அது போதும். பிரைஸ் கேன்யன் ராத்திரியில் அந்தப் பியூட்டேன் பெரும்பாலும் திரவமாகவே அடியில் கிடக்கும். குளிர்நாட்டில் வண்டிகளுக்கு பிரோபேன் பிடிப்பது அதனால்தான்.)

தொட்டியின் அழுத்தம் இப்படி நாளெல்லாம் ஏறி இறங்குகிறது. அடுப்புக்கு வேண்டியதோ அதில் துளியூண்டுதான், அதுவும் மாறாமல் வர வேண்டும். அமெரிக்க மோட்டார்ஹோம்களில் அந்த அளவை '11 அங்குலத் தண்ணீர்' என்பார்கள். விசித்திரமான அலகாகத் தோன்றும். ஆனால் நானறிந்தவரை இதைவிடத் தெளிவான அலகு வேறில்லை. 28 சென்டிமீட்டர் ஆழமுள்ள தண்ணீரில் ஒரு ஸ்ட்ராவை அடிவரை விட்டு, அடியிலிருந்து குமிழி வரும்வரை ஊதிப் பாருங்கள். உங்கள் கன்னத்தில் அப்போது இருக்கும் அழுத்தம்தான் அது. ஒரு குழந்தைகூட ஊதிவிடும். நவீன அளவில் 27 மில்லிபார், அதாவது ஒரு பாரின் ஆயிரத்தில் 27 பங்கு. இந்தியாவில் வீட்டு அடுப்புக்கான அளவும் ஏறக்குறைய இதே, 30 மில்லிபார். தொட்டியின் ஏழு பாரை இதே மாதிரி ஊதிக் காட்ட வேண்டுமென்றால் எழுபது மீட்டருக்கு மேல் ஆழமுள்ள கிணறு வேண்டும்.

அந்தக் கிணற்றை ஒரு சொம்புத் தண்ணீராகச் சுருக்குகிற வேலை ரெகுலேட்டருடையது. திறந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும், உள்ளே அவ்வளவு கொஞ்சம் சாமான். தட்டையான ரப்பர் சவ்வு ஒன்று, அதன் முதுகில் ஒரு ஸ்பிரிங், சவ்வோடு இணைந்த நெம்புகோல், அதன் நுனியில் கேஸ் நுழையும் சின்னஞ்சிறு துளையை மூடித் திறக்கும் ஒரு ரப்பர் மூடி. ஸ்பிரிங் துளையைத் திறக்கப் பார்க்கிறது. உள்ளே வந்த கேஸ் சவ்வை எதிர்த்துத் தள்ளித் துளையை மூடப் பார்க்கிறது. இருவரும் சமரசமாகிற புள்ளிதான் 27 மில்லிபார். அடுப்பில் கேஸ் செலவானால் உள்ளழுத்தம் ஒரு நூல் குறையும், ஸ்பிரிங் ஜெயிக்கும், துளை கொஞ்சம் திறக்கும். மின்சாரமும் இல்லை, மூளையும் இல்லை. ஆனாலும் நாளெல்லாம் அளந்து அளந்து ஊற்றுகிறது. மோட்டார்ஹோமில் இந்த வேலையை இரண்டு கட்டமாகச் செய்வார்கள். முதல் கட்டம் ஒரு பாருக்குக் கீழே கொண்டுவரும், அடுத்தது 27 மில்லிபாருக்கு இறக்கும். வண்டியின் பக்கவாட்டு சாக்கெட் இந்த இரண்டுக்கும் பிறகுதான் வருகிறது.

அதாவது சாக்கெட்டில் வருவது ஏற்கெனவே குறைத்த கேஸ். நாங்கள் அதைக் கொண்டுபோய்த் திருகியதோ கிரில்லின் சொந்த ரெகுலேட்டரில். குப்பியிலிருந்து பல பார் அழுத்தத்தோடு கேஸ் பாயும் என்று நம்பிச் செய்யப்பட்ட ரெகுலேட்டர் அது. அவ்வளவு அழுத்தத்தில் ஊசித்துளை போதும், அதனால் துளையைச் சிறியதாகவே வைத்திருக்கிறார்கள். அதன் வாசலில் வெறும் 27 மில்லிபார் வந்து நின்றால்? ஸ்பிரிங் துளையை முழுக்கத் திறந்துவிட்டுக் காத்திருக்கிறது, தள்ளுவதற்குத்தான் ஆளில்லை. துளையைத் தாண்டுவதிலேயே இருந்த கொஞ்ச அழுத்தமும் செலவாகிவிடுகிறது. பர்னருக்குள் கேஸைப் பீய்ச்சும் நுண்துளையான ஜெட்டில் அழுத்தம் கால் பங்கானால் கேஸ் பாய்வது பாதியாகும். அதற்கும் கீழே போனால் காற்றை இழுத்துக் கலக்கத் தேவையான வேகம்கூட கேஸுக்கு இருக்காது. எங்கள் அகல் விளக்கு அப்படி வந்ததுதான்.

ஆகவே வழி இரண்டு. பக்கவாட்டு சாக்கெட்டிலிருந்து எடுப்பதானால், கிரில்லில் இருக்கும் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் டியூபை நேராகப் பொருத்துவதற்கான பாகத்தைப் போட வேண்டும். கிரில்லின் ரெகுலேட்டரை வைத்துக்கொள்வதானால், தொட்டிக்கும் வண்டியின் ரெகுலேட்டருக்கும் நடுவே ஒரு பித்தளை 'டி' இணைப்பு போட்டு, குறைக்காத கேஸை எடுக்க வேண்டும். என் ஓட்டு முதலாவதற்கு. இரண்டாவதில் ஏழெட்டு பார் அழுத்தம் தரையில் கிடக்கும் டியூபுக்குள் இருக்கும். யாராவது தடுக்கி விழுந்தோ நாற்காலிக்கால் ஏறியோ பிய்ந்தால், வெளியேறும் கேஸின் அளவே வேறு.

முதல் வழியிலும் ஒரு சிக்கல் உண்டு. எல்லாச் சின்ன அடுப்புகளும் 27 மில்லிபாருக்குச் செய்யப்பட்டவை அல்ல. முகாமுக்கு எடுத்துப்போகும் சில அடுப்புகளில் ரெகுலேட்டர் அதைவிடப் பல மடங்கு அழுத்தத்தை வெளியே விடும், அதற்கேற்ப ஜெட்டின் துளை நுண்ணியதாக இருக்கும். அங்கே ரெகுலேட்டரைக் கழற்றினாலும் தீ சோகையாகத்தான் எரியும். அடுப்பின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்துவிட்டு ஸ்பானரைத் தொடுவது உத்தமம். அதில் 11 அங்குலம் என்று இருந்தால் கவலையில்லை. வேறு எண் இருந்தால், அந்த அடுப்பு குப்பியோடேயே வாழட்டும்.

தப்பு எதிர்ப்பக்கமாக நடந்தால் அது சிரிக்கிற விஷயமல்ல. ரெகுலேட்டர் கழற்றிய கிரில்லைக் குறைக்காத கேஸில் இணைத்தால், 27 மில்லிபாருக்கு அளவெடுத்த ஜெட்டில் ஏழு பார் பாயும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபது மடங்குக்கு மேல் கேஸ் வரும். இது நடக்கக் கூடாதென்றுதான் இரண்டு வகை இணைப்புகளையும் ஒன்றோடொன்று சேராத வடிவில் செய்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துவைக்கும் அடாப்டர்களும் கடையில் கிடைக்கின்றன என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இவ்வளவு பாடு எதற்கு, குப்பியே வாங்கலாமே என்று கேட்கலாம். 3.5 கிலோவாட் கிரில் மணிக்குச் சுமார் 250 கிராம் பிரோபேன் குடிக்கும். 454 கிராம் குப்பி இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. அப்புறம் அந்தக் காலிக் குப்பி. அதை மறுபடி நிரப்பவும் முடியாது, உள்ளே மிச்சம் இருப்பதால் பழைய இரும்போடு போடவும் முடியாது. கலிபோர்னியா 2022இல் ஒரு சட்டமே போட்டது: 2028 ஜனவரி முதல் நிரப்ப முடியாத ஒரு பவுண்டு குப்பிகளை அந்த மாநிலத்தில் விற்கக் கூடாது.

டியூபை மாட்டியதும் சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். தீக்குச்சியால் சோதிக்கிற வீரம் வேண்டாம். பிரோபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே பறந்துபோகாது, தண்ணீர் மாதிரி பள்ளம் தேடி ஓடும். மோட்டார்ஹோமில் கேஸ் கசிவை மோப்பம் பிடிக்கும் கருவியைத் தரையோடு தரையாகப் பொருத்தியிருப்பது அதனால்தான். காற்றில் இரண்டு சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். சமையல் முடிந்ததும் முதலில் வண்டிப் பக்கத்து வால்வை மூடி, தீ தானாக அணையும்வரை விட்டால் டியூபில் மிச்சமிருப்பதும் எரிந்துவிடும். தொட்டியின் வால்வைத் திறக்கும்போது மெதுவாக. சடாரென்று திறந்தால், டியூப் அறுந்துவிட்டதாக நினைத்துப் பாதுகாப்பு வால்வு கேஸை நெரித்துவிடும். மறுபடியும் அகல் விளக்குதான்.

அடுத்த வசந்தத்தில் நண்பர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். கிரில்லின் தகட்டில் 11 அங்குலம் என்றே இருந்தது. ரெகுலேட்டரைக் கழற்றினார், சரியான பாகம் போட்டார், நுரை தடவினார். தீயும் வந்தது, ஆனால் ஒரு பக்கம் மட்டும் நீலம், மறுபக்கம் மஞ்சளாக மசி கக்கியது. அழுத்தத்தைப் பற்றி நான் இன்னொரு பிரசங்கத்துக்குத் தயாரானபோது அவர் பர்னரைக் கழற்றித் தட்டினார். குளிர்காலம் முழுக்க அந்தக் குழாய்க்குள் குடியிருந்த ஒரு சிலந்தி, வலையோடு மேசைமேல் விழுந்தது.