கோரிக்கைக் கடிதத்தை முதலில் படிப்பவர் யார்?

பொதுமக்களின் கோரிக்கைக் கடிதங்களைத் திருத்திக் கொடுக்கும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். முற்றிலும் நியாயமான கோரிக்கைகள்கூட எழுதப்பட்ட விதத்தாலேயே கோப்பில் முடங்கிப்போவதைக் காணும் வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

உள்ளாட்சித் தலைவருக்கு என்று முகவரியிட்டாலும், கடிதத்தை முதலில் பிரிப்பவர் பெரும்பாலும் அவராக இருப்பதில்லை. பிரிவு எழுத்தர் ஒருவர் படித்து, அதன் சாரத்தை இரண்டு மூன்று வரிகளில் குறிப்பாக எழுதி மேலே அனுப்புகிறார். முடிவெடுப்பவர் அந்தக் குறிப்பைப் பார்த்தே கையொப்பமிடுகிறார். ஆகவே, அந்த எழுத்தர் அப்படியே எடுத்தெழுதிக்கொள்ளத்தக்க ஒரு வாக்கியம் கடிதத்தில் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் தேடுவேன். என்ன வேண்டும், எந்த இடத்தில் வேண்டும், எப்போதைக்குள் வேண்டும் என்ற மூன்றும் அதில் அடங்கியிருக்க வேண்டும்.

பெற்றோர் சிலர் ஒருமுறை கொண்டுவந்த கடிதத்தில், வாகனங்கள் தறிகெட்டு ஓடுகின்றன, அதிகாரிகள் கண்டுகொள்வதே இல்லை, உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று இருந்தது. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ‘உரிய நடவடிக்கை’ என்று கேட்டால் ‘பரிசீலிக்கப்படும்’ என்றுதான் பதில் வரும். மூன்று நாள் காலையில் பள்ளி வாயிலில் நின்று, கடக்கும் பிள்ளைகளையும் வாகனங்களையும் எண்ணிவரச் சொன்னேன். திருத்திய கடிதம் இப்படித் தொடங்கியது: “பள்ளியின் வடக்கு வாயில் முன் பாதசாரிகள் கடக்கும் கோடுகள் இல்லாததால், காலை 8.10 முதல் 8.40 வரை பிள்ளைகள் வாகனங்களுக்கு நடுவே புகுந்து கடக்கிறார்கள். அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் அவ்விடத்தில் கோடுகளும் வேகத்தடையும் அமைத்துத் தர வேண்டுகிறோம்.” எண்ணிய பட்டியலும் ஒரு புகைப்படமும் இணைக்கப்பட்டன. எங்கள் கோபமெல்லாம் போய்விட்டதே என்று ஒரு தாய் கேட்டார். அந்தப் பட்டியலைப் படிப்பவருக்கு உங்கள் கோபம் தெரியும் அம்மா என்றேன். அதிகாரியைக் குற்றம்சாட்டும் கடிதத்துக்கு அவர் எழுதும் குறிப்பு தற்காப்பாகவே அமைந்துவிடுகிறது.

பணிவு என்றால் பலவீனம் என்று நினைப்பவர்களுக்கு நான் காட்டும் கடிதம், அமெரிக்காவின் மாண்ட்கொமரி நகரில் பெண்கள் அரசியல் மன்றத்தின் தலைவர் ஜோ ஆன் ராபின்சன் 1954 மே 21 அன்று மேயருக்கு எழுதியது. கறுப்பின மக்களைப் பேருந்துகள் இழிவாக நடத்திவந்த காலத்தில், முந்தைய சந்திப்புக்கும் அதனால் கிடைத்த சிறு முன்னேற்றத்துக்கும் நன்றி சொல்லித்தான் அவர் தொடங்குகிறார். பிறகு, கறுப்பினத்தவர் பின்னிருந்தும் வெள்ளையர் முன்னிருந்தும் இடம் நிரம்பும்வரை அமரும் இருக்கை முறை முதலிய கோரிக்கைகளைத் தெளிவாக வைத்து, இதே முறை வேறு நகரங்களில் நடைமுறையில் இருப்பதை எடுத்துக்காட்டி, பயணிகளில் நான்கில் மூன்று பங்கினர் கறுப்பினத்தவர் என்பதையும், இருபத்தைந்து அல்லது அதற்கு மேற்பட்ட உள்ளூர் அமைப்புகளில் பேருந்துப் புறக்கணிப்பு பற்றிப் பேச்சு எழுந்திருப்பதையும் மரியாதை சற்றும் குறையாமல் தெரிவிக்கிறார். மேயர் அப்போது இறங்கிவரவில்லை. ஆனால் 1955 டிசம்பர் 5 அன்று தொடங்கி 381 நாட்கள் நீடித்த புறக்கணிப்பில் முதலில் முன்வைக்கப்பட்ட கோரிக்கைகளுள் இருக்கை முறையும் ஒன்று. வேறு ஊரில் நடக்கிறது என்று காட்டும் உத்தியை நான் இக்கடிதத்திலிருந்தே கற்றேன். ‘இது முடியாது’ என்ற பதிலுக்கு அது இடமே கொடுப்பதில்லை.

ஒரே வாசகத்தை அச்சடித்து நூறு பேர் கையொப்பமிடுவதைவிட, பத்துப் பேர் அவரவர் பட்ட சிரமத்தைத் தம் சொற்களிலேயே எழுதுவது மேல் என்பது என் கருத்து. அந்த வேலை எந்தத் துறையின் பொறுப்பு என்பதை விசாரித்துவிட்டு எழுதுங்கள். தவறான அலுவலகத்துக்குப் போன கடிதம் மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். கையில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் பெறாமல் திரும்ப வேண்டாம். பதில் வராதபோது புதிதாக ஒரு கடிதம் எழுதினால் அது புதிய கோப்பாகிவிடக்கூடும் என்பதால், பழைய கடிதத்தின் தேதியையும் பதிவு எண்ணையும் முதல் வரியிலேயே குறிப்பிட்டு நினைவூட்டுக் கடிதமாக அனுப்புங்கள்.