தனிச் செல்லில் போட்டு வதைத்தால் மனுவில் என்ன எழுதுவது, எங்கே கொடுப்பது

ஊபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) வழக்கில் உள்ளே இருக்கும் தம்பியைச் சிறையில் பார்க்கப் போன அக்கா, வெளியே வந்ததும் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்: "அவன தனியா போட்டு வச்சிருக்காங்க." அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து முதல்வர் தொடங்கி எல்லாருக்கும் ஒரு மனு எழுதுவார்கள். மனிதாபிமானமற்ற கொடுமை, சித்திரவதை, உரிமை மீறல் என்று பக்கம் நிறையும். கொஞ்ச நாளில் சிறைத் துறையிடமிருந்து இரண்டு வரி பதில் வரும். தனிமைச் சிறை என்று எதுவும் இல்லை, பாதுகாப்புக் காரணத்துக்காக உயர் பாதுகாப்புப் பிரிவில் வைத்திருக்கிறோம். அவ்வளவுதான், கோப்பு மூடியாச்சு.

இந்தப் பதிலுக்கு இடம் கொடுக்காமல் எழுத வேண்டுமென்றால் முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டும்.

தனிமைச் சிறை என்ற தண்டனையை விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டும்தான். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 73, 74 ஆகிய பிரிவுகளில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 11, 12 என்று எண் மாறியிருக்கிறது. கடுங்காவல் தண்டனை பெற்றவருக்குத்தான் இது பொருந்தும். ஆறு மாதம் வரையிலான தண்டனை என்றால் அதில் 1 மாதத்துக்கு மேல் கூடாது, ஒரு வருடம் வரை என்றால் 2 மாதம், அதற்கும் மேல் என்றால் மொத்தமாக 3 மாதம். அதையும் ஒரே மூச்சில் போட முடியாது. ஒரு தடவைக்கு 14 நாள்தான், அப்புறம் குறைந்தது அதே அளவு இடைவெளி விட வேண்டும். தண்டனையே 3 மாதத்துக்கு மேல் என்றால் எந்த மாதத்திலும் 7 நாளைத் தாண்டக் கூடாது. அப்படியென்றால் தீர்ப்பே வராத விசாரணைக் கைதியை, அரசியல் வழக்குகளில் உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்த வகைதான், இந்தப் பிரிவின் பேரில் ஒரு நாள்கூடத் தனிமையில் வைக்க வழியில்லை.

சரி, சிறை நிர்வாகம் தானாகத் தண்டிக்க முடியாதா என்றால், முடியும். 1894ஆம் வருடத்துச் சிறைகள் சட்டத்தின் 46ஆம் பிரிவில் சிறைக் குற்றத்துக்குத் தனிச் செல்லில் அடைக்கலாம் என்று இருக்கிறது. அதற்கும் உச்சவரம்பு 14 நாள். மற்றக் கைதிகளோடு பேச விடாமல் தடுக்கலாமே தவிர, அவர்கள் கண்ணிலேயே படாமல் மறைத்து வைக்கக் கூடாது. என்ன குற்றம், எந்தத் தேதி, என்ன தண்டனை என்று தண்டனைப் பதிவேட்டில் எழுதியும் ஆக வேண்டும். பதிவேட்டில் வரியே இல்லை, ஆள் மட்டும் தனியாக இருக்கிறார் என்றால் அது எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்க இடம் இருக்கிறது. அதே சட்டத்தின் 29ஆம் பிரிவு இன்னும் உதவும், ஆனால் பெரும்பாலான மனுக்களில் அதைக் காண முடிவதில்லை. இப்படியான செல்லில் 24 மணி நேரத்துக்கு மேல் ஒருவர் இருந்தால், தண்டனையாக இருந்தாலும் வேறு எதற்காக இருந்தாலும், மருத்துவ அதிகாரியோ அவருடைய உதவியாளரோ தினமும் ஒரு முறை வந்து பார்க்க வேண்டும். உள்ளே இருப்பவர் எந்த நேரமும் சிறை அதிகாரியைக் கூப்பிட வசதி இருக்க வேண்டும். "வேறு எதற்காக இருந்தாலும்" என்ற சொல்லைக் கவனியுங்கள், பாதுகாப்புக் காரணம் என்ற பதிலை மடக்குவது அதுதான்.

பெயரை மாற்றித் தப்பிக்கும் வேலை புதிதல்ல. திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ராவைத் தனியே அடைத்து வைத்துவிட்டு, இது தனிமைச் சிறை இல்லை, சிறைகள் சட்டம் 30ஆம் பிரிவுப்படியான காவல் என்றுதான் அப்போதும் வாதம் வைத்தார்கள். 1978இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. அந்தப் பிரிவு தனிமைச் சிறைக்கு அதிகாரம் தரவில்லை, மேல்முறையீடும் கருணை மனுவும் முடியும்வரை ஒருவரை அந்தப் பிரிவுக்குள் கொண்டுவரவே முடியாது என்றது. அமர்வில் இருந்த கிருஷ்ணய்யர் 1948இல் தானே ஒரு மாதம் சிறையில் இருந்தவர், எழுத்தில் அது தெரியும். அதே பத்ரா பிறகு இன்னொரு கைதியை வார்டர் வதைத்ததைப் பற்றி நீதிபதிக்கு ஒரு கடிதம் போட்டார். வக்கீல் இல்லை, முத்திரைத்தாள் இல்லை. அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்து 1979 டிசம்பரில் தீர்ப்பு சொன்னார்கள். ஆளைக் காணோம் என்றால்தான் ஆட்கொணர்வு என்று நினைக்க வேண்டாம், சிறைக்குள் நடத்தும் விதத்துக்கும் அது செல்லும்.

ஐ.நா. 2015இல் ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகள், அதாவது கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்ற விதிகள், ஒரு அளவுகோல் தருகின்றன. ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ, மனிதர்களோடு பொருளுள்ள தொடர்பு இல்லாமல் அடைத்து வைத்தால் அது தனிமைச் சிறை. தொடர்ந்து 15 நாளைத் தாண்டினால் நீடித்த தனிமைச் சிறை, அது கூடாது. இந்திய நீதிமன்றத்தை இது நேரடியாகக் கட்டுப்படுத்தாது, ஆனால் மனுவில் வைக்க நல்ல ஆதாரம்.

ஆகவே உங்கள் மனுவும் கணக்காகத்தான் இருக்க வேண்டும். "என் தம்பியைக் கொடுமைப்படுத்துகிறார்கள்" என்பதை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: "இம்மாதம் 3ஆம் தேதி முதல் தனிச் செல்லில் இருக்கிறார். காலை அரை மணி நேரம், மாலை அரை மணி நேரம் மட்டும் கதவு திறக்கப்படுகிறது. அந்த நேரத்தில் வேறு கைதி யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. சாப்பாடு கம்பி வழியாகத் தரப்படுகிறது. 9ஆம் தேதியிலிருந்து மருத்துவர் வரவில்லை. 11ஆம் தேதி நேர்காணலில் நான் பார்த்தபோது இடது கால் வீங்கியிருந்தது." தேதி, மணி, யார் வந்தார், யார் வரவில்லை. இதற்குப் பதில் சொல்ல அவர்கள் பதிவேட்டைத் திறந்தே ஆக வேண்டும்.

ஊபா வழக்கில் சிறையில் இருந்த டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாய்பாபா விஷயத்தை நினைத்துப் பாருங்கள். 90 சதவீதம் உடல் ஊனம், சக்கர நாற்காலி, நாக்பூர் மத்திய சிறையின் அண்டா செல் (முட்டை வடிவ உயர் பாதுகாப்புப் பிரிவு). 2022 மே மாதம் அவருடைய குடும்பத்தினர் வைத்த புகாரில் முக்கியமாக இருந்தவை இரண்டு சின்ன விஷயங்கள்: கழிப்பறையும் குளிக்கும் இடமும் தெரியும்படி செல்லுக்கு எதிரே கேமரா வைத்திருக்கிறார்கள், தண்ணீர் குடிக்க பிளாஸ்டிக் பாட்டில் தர மறுக்கிறார்கள். அவர் உண்ணாவிரதம் இருந்தார், நிர்வாகம் கொஞ்சம் இறங்கி வந்தது. 2024 மார்ச் 5 அன்று உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது, அதே வருடம் அக்டோபர் 12 அன்று இறந்துபோனார். ஊபா வழக்கிலேயே உள்ளே இருந்த பாதிரியார், நம்ம திருச்சி மாவட்டத்துக்காரர் ஸ்டேன் சாமி கேட்டதும் நடுங்கும் கையால் தண்ணீர் குடிக்க ஒரு உறிஞ்சு குவளைதான்.

"அரசியல் கைதி" என்று மனுவில் எழுதலாமா என்று கேட்பார்கள். அப்படி ஒரு வகையைச் சட்டத்தில் எழுதி வைத்திருப்பது மேற்கு வங்கம், 1992ஆம் வருடச் சட்டத்தில். தமிழ்நாட்டில் அந்தப் பெயருக்காகச் சண்டை போட்டால் மனு அந்த விவாதத்திலேயே முடிந்துவிடும். வெளியே மேடையில் தாராளமாகச் சொல்லுங்கள், மனுவில் வேண்டாம் என்பது என் கருத்து.

எங்கே கொடுப்பது? விசாரணைக் கைதி என்றால் முதல் கதவு வழக்கு நடக்கும் நீதிமன்றமே. காவல் நீட்டிப்புக்கு ஆஜர்படுத்தும்போது, வீடியோவில் என்றாலும், அவரே வாய் திறந்து சொல்லி, அதைப் பதிவு செய்யும்படி கேட்க வேண்டும். வக்கீல் இல்லையா, காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ 15100 எண்ணுக்கோ பேசுங்கள். அங்கே நகரவில்லை என்றால் உயர் நீதிமன்றம். புழல், வேலூர், கடலூர், சேலம், கோவை சிறைகளுக்குச் சென்னை. திருச்சி, மதுரை, பாளையங்கோட்டைக்கு மதுரைக் கிளை. கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் தண்டனைப் பதிவேட்டின் நகலையும் மருத்துவர் வந்துபோன பதிவையும் கேளுங்கள். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும், அதை விண்ணப்பத்தின் தலையிலேயே எழுதிவிடுங்கள். மனித உரிமை ஆணையத்துக்கு எழுதுவதானால் சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள். மாநில ஆணையத்தில் நிலுவையில் இருப்பதைத் தேசிய ஆணையம் தொடாது, அதனால் இரண்டுக்கும் ஒரே மனுவை அனுப்பித் தொலைக்காதீர்கள்.

இன்னொன்று. வழக்கு விசாரணைக்கு வரும் நாளுக்கு முன்னால் ஆளைப் பொது பிளாக்குக்கு மாற்றிவிட்டு, இப்போது குறையே இல்லை என்று சொல்லும் வாய்ப்பு அதிகம். நீதிமன்றம் அப்படியே முடித்து வைத்துவிடும். மனு எழுதும்போதே கோரிக்கையில் இரண்டு வரி கூடுதலாகச் சேர்த்துவிடுங்கள்: நீதிமன்ற அனுமதி இல்லாமல் மறுபடி தனிச் செல்லுக்கு மாற்றக் கூடாது, இதுவரை வைத்திருந்த நாட்களின் பதிவேட்டைத் தாக்கல் செய்ய வேண்டும்.