உப்புப் போட்ட மண்புட்டு

யாழ்ப்பாணம், கோண்டாவிலில் அக்கா வீட்டு முற்றம். மூன்று வயது மருமகள் ஈரமண்ணைச் சிரட்டையில் அடைத்துக் கவிழ்த்து, பூவரசம் இலையில் வைத்து நீட்டினாள். "மாமா, புட்டு. கவனம், சுடும்." வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய்ச் சப்புக்கொட்டிவிட்டு, "உப்புக் காணாதே" என்றேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை. வெறும் காற்றில் ஒரு சிட்டிகை கிள்ளியெடுத்துத் தூவினாள். அடுத்த வாய்க்கு நான் சற்று மிகையாகவே நடித்துவிட்டேன் போலும், மண் உதட்டில் பட்டுவிட்டது. பதறிப்போனாள். "ஐயோ மாமா, அது மண்ணெல்லோ!"

ஒரு நிமிடத்துக்குள் அது புட்டாகவும் இருந்தது, மண்ணாகவும் இருந்தது. அவளுக்குக் குழம்பவில்லை, எனக்குத்தான் குழம்பியது.

உண்மையில் இந்தப் பாவனை விளையாட்டில் பிள்ளை குழம்பத்தான் வேண்டும். எது தின்னக்கூடியது, எது கூடாதது என்பதையே இப்போதுதான் படித்துக்கொண்டிருக்கும் வயது. அந்த நேரத்தில் அம்மா வாழைப்பழத்தைக் காதில் வைத்து "ஹலோ" என்றால், வாழைப்பழத்தைப் பற்றிப் பிள்ளை சேர்த்துவைத்த அறிவெல்லாம் கெட்டுப்போகாதா? அலன் லெஸ்லி என்ற உளவியலாளர் 1987இல் எழுப்பிய கேள்வி இது. அவருடைய விடை, மூளை இரண்டு கொப்பி வைத்திருக்கிறது என்ற மாதிரியானது. உண்மைக் கணக்கு ஒரு கொப்பியில் பத்திரமாய் இருக்கும். அதிலிருந்து ஒரு படியைப் பிரித்து எடுத்து, "இது சும்மாவுக்கு" என்று குறியிட்டு, வேறொரு கொப்பியில் வைத்து விளையாடும். அங்கே என்ன கிறுக்கினாலும் முதல் கொப்பியில் மை ஊறாது.

அவர் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு வயதுப் பிள்ளைகளோடு தேநீர் விருந்து விளையாட்டு. வெறும் போத்தலிலிருந்து இரண்டு கோப்பைகளில் "ஊற்றுவார்கள்". பிறகு ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிவிட்டு, பழையபடி வைத்து, "எது வெறும் கோப்பை?" என்று கேட்பார்கள். இரண்டிலுமே ஒரு சொட்டும் இருந்ததில்லை. ஆனாலும் பிள்ளைகள் கவிழ்த்த கோப்பையையே காட்டுவார்கள். சும்மாவுக்கு ஊற்றிய தேநீரும் கவிழ்த்தால் கொட்டத்தான் வேண்டும். கற்பனை என்றால் கட்டற்றது என்று நாங்கள் பெரியவர்கள் நினைக்கிறோம். பிள்ளைகளின் கற்பனையோ உலகத்தின் சட்டங்களை வரிக்கு வரி கடைப்பிடிக்கிறது.

ரஷ்ய உளவியலாளர் வீகோட்ஸ்கி 1933இலேயே இதை வேறு பக்கத்திலிருந்து பார்த்தார். சின்னப் பிள்ளைக்குப் பொருளும் அதன் அர்த்தமும் ஒட்டியே இருக்கும். குதிரை என்ற எண்ணத்தைக் குதிரையிலிருந்து உரித்தெடுக்க ஒரு பிடிமானம் தேவை. ஒரு தடி அதற்குப் போதும், எங்களுக்குப் பனைமட்டை. தபாலட்டை குதிரையாகாது என்கிறார் அவர், ஏனென்றால் அதில் ஏறிக் காலைப் போட்டு ஓட முடியாது. வளர வளர அந்தப் பிடிமானமும் வேண்டாமல் போகும். மருமகளின் உப்புக்குத் தடியும் இல்லை, மண்ணும் இல்லை. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் குறிக்கும் இந்தப் பழக்கம்தான் பிறகு எழுத்துக்கும் வழிவிடுகிறது என்பது வீகோட்ஸ்கியின் வாதம். சுழித்த ஒரு கோடு "அ" என்ற ஒலியாவதும், மட்டை குதிரையாவதும் ஒரே வேலைதானே. மூன்று வயதில் வீட்டுவேலைக் கொப்பியைக் கொடுத்து அனுப்பும் முன்பள்ளி ஒன்றை எனக்குத் தெரியும். அங்கே மண்ணில் விளையாடினால் உடுப்பு ஊத்தையாகிவிடும் என்று தடை.

தன்னைத்தானே அடக்கிக்கொள்வதைப் பற்றியும் ஒரு சோவியத் சோதனை உண்டு. மனுய்லென்கோ 1948இல் வெளியிட்டது. "அசையாமல் நில்" என்றால் நிற்காத பிள்ளைகள், "நீதான் காவற்காரன்" என்றதும் கனநேரம் நின்றார்கள். இதற்கு எங்கள் விறாந்தையே சாட்சி. சோற்றுக்கு முன்னால் இரண்டு நிமிடம் இருக்காதவள், நாலு கதிரையை வரிசையாய் அடுக்கிப் பருத்தித்துறை பஸ் ஆக்கினால் நெல்லியடி வரும்வரை "பயணி"யாய் ஆடாமல் அசையாமல் இருப்பாள். கொண்டக்டர் அண்ணன் இறங்கச் சொல்ல வேண்டுமே.

பயமும் இந்த இரண்டாம் கொப்பிக்குத்தான் வரும். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்ட பிள்ளை, வீட்டுக்கு வந்ததும் பொம்மைக்கு ஊசி போடும். தொண்ணூறுகளில், போருக்குள், இங்கே வளர்ந்த நாங்கள் பங்கர் விளையாடினோம். ஒருவன் பொம்மர், அதாவது குண்டு போடும் விமானம், மற்றவர்கள் குப்புற விழ வேண்டும். பொம்மர் எப்போது திரும்பிப் போகும் என்பதை அங்கே நாங்களே தீர்மானித்தோம். அது சின்ன விஷயமில்லை. ஆனால் ஒரு பிள்ளை அதே பயங்கரத்தை, மாற்றமே இல்லாமல், முகத்தில் சிரிப்பும் இல்லாமல் திரும்பத் திரும்ப விளையாடினால், அது ஆறும் அறிகுறியல்ல. உரியவர்களிடம் காட்ட வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, பாவனை விளையாட்டு மூளையை வளர்க்கும் டொனிக் என்று யாரும் விற்க வந்தால் நம்பாதீர்கள். உளவியலாளர் ஏஞ்சலின் லில்லார்டும் கூட்டாளிகளும் 2013இல் பழைய ஆய்வுகளை எல்லாம் கிளறிப் பார்த்தார்கள். இந்த விளையாட்டுத்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல அவற்றில் ஆதாரம் போதவில்லை. வளர்ச்சிக்குப் போகும் பல ஒழுங்கைகளில் இதுவும் ஒன்றாய் இருக்கலாம். அல்லது வளர்ச்சி நடக்கும்போது கூடவே கேட்கும் சத்தமாய் இருக்கலாம். பெரியவர் ஒருவர் கூடச் சேர்ந்து பேசுவதுதான் பலன் தருகிறதா என்பதையும் பிரித்தறிவது கடினம். என் பங்குக்கு நான், கூப்பிட்டால் போவேன். என்ன சமைக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன்.

போன ஞாயிறு அதே முற்றத்தில் கடை போட்டிருந்தாள். ஒரு சிரட்டை அரிசி மூன்று பூவரசம் இலை. கையில் இலை இல்லாததால் சட்டைப் பையிலிருந்து இருபது ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினேன். வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"மாமா, இது இஞ்சை செல்லாது."