சங்கு கழுவும் ஆசிட்

ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் வெள்ளைச் சங்குகளைப் பார்த்தால், கடலிலிருந்து அப்படியே அள்ளி வந்ததுபோல இருக்கும். கடலடியில் கிடக்கும் சங்குக்கு அந்த வெள்ளை கிடையாது. மேலே பழுப்பாக ஒரு தோல் போர்த்தியிருக்கும். அதன்மேல் பாசியும் சுண்ணாம்புப் பொருக்கும் அப்பியிருக்கும். தோல் புரதத்தால் ஆனது, பிளீச்சிங் கரைசலில் ஊறினால் கழன்றுவிடும். பொருக்கு கால்சியம் கார்பனேட். அதற்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும். பட்டறைப் பேச்சில் வெறும் ஆசிட்.

சிக்கல் என்னவென்றால் சங்கும் அதே கால்சியம் கார்பனேட்தான். பொருக்கைத் தின்கிற ஆசிட் சங்கையும் தின்னும். அதனால்தான் நன்றாகத் தண்ணீர் கலந்த ஆசிட்டில் சில நொடி முக்கி, உடனே தண்ணீரில் போட வேண்டியிருக்கிறது. முக்கியதும் நுரைத்துக் கிளம்புவது கார்பன் டை ஆக்சைடு. 100 கிராம் ஓடு முழுதாகக் கரைந்தால் ஏறக்குறைய 24 லிட்டர் வாயு. ஒவ்வொரு குமிழியும் உடையும்போது கண்ணுக்குத் தெரியாத ஆசிட் துளிகளைத் தூக்கி எறிகிறது. தொட்டிமேல் குனிந்து வேலை செய்பவருக்குத் தொண்டை கரகரப்பது பெரும்பாலும் இதனால்தான்.

அடர் ஆசிட் கேனைத் திறந்தால் வெள்ளையாகப் புகைகிறதே, அது எரிந்து வரும் புகை இல்லை. சுமார் 35 சதவீதக் கரைசலிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு தப்பி வெளியே வருகிறது. காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்துக்கொண்டு பனித்துளியாகிறது. மண்டபம், பாம்பன் பக்கம் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை என்பதால் புகை இன்னும் கெட்டியாகத் தெரியும். கேன் வைத்திருக்கும் அறையில் ஆணி, பூட்டு, கீல் எல்லாம் சீக்கிரம் துருப்பிடிப்பதும் இந்த ஆவியால்தான். கிழிந்த நைலான் வலையையும் அந்த அறையில் போட்டு வைக்காதீர்கள். வலுவான அமிலம் நைலானை அரித்து இழையை இற்றுப்போகச் செய்யும்.

‘தண்ணீரில் ஆசிட்டை ஊற்று, ஆசிட்டில் தண்ணீரை ஊற்றாதே’ என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருப்போம். ஏன் என்று யாரும் கணக்குப் போட்டுக் காட்டியதில்லை. போட்டுப் பார்ப்போம், அடர் கந்தக அமிலத்தை வைத்து. 98 சதவீத அமிலம் 100 மில்லி எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் சுமார் 120 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். ஒரு லிட்டர் தண்ணீர் அதைத் தாங்கிக்கொள்ளும். சூடு முன்பிருந்ததைவிட 25 டிகிரிக்குச் சற்று மேல் ஏறும், அவ்வளவுதான். இப்போது திருப்பிப் போடுங்கள். அதே 100 மில்லி அமிலத்தில் 20 மில்லி தண்ணீரை மட்டும் விடுகிறோம். வெளிப்படும் வெப்பம் முன்பைவிடக் குறைவு. ஆனால் அதை வாங்கிக்கொள்ளத் தண்ணீரே இல்லை. முழுதாகக் கலந்துவிட்டாலும் 100 டிகிரியைத் தாண்டிவிடும்.

முழுதாகக் கலப்பதும் இல்லை. அந்த அமிலத்தின் அடர்த்தி 1.84, தண்ணீருடையது 1. எனவே தண்ணீர் எண்ணெய்போல மேலேயே மிதக்கிறது. இரண்டும் தொடும் மெல்லிய இடத்தில் மட்டும் வெப்பமெல்லாம் குவிகிறது. தண்ணீர் நீராவியானால் ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். அந்த விரிவு அடியிலிருக்கும் அமிலத்தையும் சேர்த்து முகத்தில் தெறிக்கவிடும். தண்ணீரில் அமிலத்தை விடும்போது கனமான அமிலம் தானே கீழே இறங்கிப் பரவிவிடுகிறது. கொஞ்சங்கொஞ்சமாக விட்டு, கண்ணாடிக் கோலால் கலக்கிக்கொண்டே இருந்தால் போதும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் இந்த அளவு கொதிக்காது; முறை அதற்கும் இதேதான்.

விசைப்படகு பேட்டரியில் இருப்பதும் கந்தக அமிலமே, 35 சதவீதத்தை ஒட்டி. அதற்கு டிஸ்டில்டு வாட்டர்தான் விட வேண்டும் என்பதற்கு இங்கே கூடுதலாக ஒரு காரணம் உண்டு. உப்புத் தண்ணீர் உள்ளே போனால் சார்ஜ் ஏறும்போது குளோரின் வாயு வரும். நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகள் பேட்டரி அறையில் கடல்நீர் புகுவதற்கு அப்படிப் பயந்ததும் இதனால்தான்.

பட்டறையில் குளோரின் வருவதற்குப் பேட்டரிகூட வேண்டியதில்லை. பிளீச்சிங்கும் ஆசிட்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. பிளீச்சிங்கில் ஊறிய சங்கை அலசாமல் ஆசிட்டில் போட்டாலே மூக்கைத் துளைக்கும் நெடி வரும். அளவு கூடினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். முதல் உலகப் போரில், 1915-இல், பெல்ஜியத்தின் ஈப்ரே போர்முனையில் ஆயுதமாகத் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், தரையோடு தவழும். ஆகவே உட்காரக் கூடாது. காற்று வரும் திசையை நோக்கி, மேடான இடத்துக்கு நகர வேண்டும். வேலையைத் தொடங்கும்போதே வாடைக் காற்றானாலும் கச்சான் காற்றானாலும் முதுகுப் பக்கம் வருமாறு நின்றுகொள்வது நல்லது. தடித்த ரப்பர் கையுறை, பக்கமும் மூடிய கண்காப்பு, மூடிய காலணி. சாதாரண மூக்குக் கண்ணாடி பக்கத்திலிருந்து தெறிப்பதைத் தடுக்காது.

மேலே பட்டுவிட்டால் தண்ணீர்தான் மருந்து. பலர் சுண்ணாம்பையோ சமையல் சோடாவையோ தேடி ஓடுகிறார்கள். அமிலமும் காரமும் சேரும்போது வருவது வெப்பம். காயத்தின்மேலேயே இன்னொரு சூடு. துணியைக் கழற்றிவிட்டு 20 நிமிடம் நிற்காமல் தண்ணீர் ஓட வேண்டும். கண்ணென்றால் இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு அப்படியே செய்துவிட்டு, 108-ஐ அழைக்க வேண்டும். குடம் கணக்கில் நல்ல தண்ணீர் வாங்கும் ஊர்களில் கை தயங்கும், தெரியும். தோலில் பட்டதற்குக் கிணற்று உவர் தண்ணீரே போதும். அதனால் கேனைத் திறக்குமுன் பக்கத்தில் பெரிய வாளி நிறையத் தண்ணீர் இருக்கட்டும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. போன வழியே திரும்ப வந்து இன்னொரு முறை சுடும். குடிதண்ணீர் பாட்டிலில் ஆசிட் ஊற்றி வைக்கும் பழக்கத்தை என்னால் மன்னிக்க முடிவதில்லை.

மிச்ச ஆசிட்டைக் கடலிலோ சாக்கடையிலோ கொட்ட வேண்டாம். அதற்கு மருந்து, பட்டறை மூலையிலேயே குவிந்து கிடக்கிறது: உடைந்த சிப்பி, சங்குத் துண்டு. ஒரு லிட்டர் அடர் ஆசிட்டைச் சாந்தப்படுத்த 600 கிராம் ஓடு போதும். முதலில் தண்ணீரில் நீர்த்துக்கொண்டு, திறந்த வெளியில் துண்டுகளைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சுட்ட சுண்ணாம்பைப் போட்டால் பொங்கிச் சுடும். கூடிப்போனால் கரைசலே காரமாகிவிடும். ஓட்டில் அந்தத் தொல்லை இல்லை. ஆசிட் தீர்ந்ததும் நுரை அடங்கும், மீதித் துண்டுகள் அடியில் அப்படியே கிடக்கும்.